மிச்சப் பணம் யாருக்கு? விஞ்ஞானிகளின் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தாருக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் ஒரு விஞ்ஞானி இருந்தார். அப்பாவாகவோ அம்மாவாகவோ, பெரியப்பாவாகவோ அத்தையாகவோ இருந்திருக்கலாம். ஆய்வுக்கூடத்திலோ பல்கலைக்கழகத்திலோ காலம் முழுக்க உழைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து, பென்ஷன் பேப்பர், பேங்க் பாஸ்புக், வீட்டுப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் பேச்சை ஆரம்பிப்பார். "அவர் பேரில் ஊருக்கு ஏதாவது செய்யணும்" என்பார். எல்லோரும் தலையாட்டுவீர்கள். அந்தத் தலையாட்டலுக்கும், பணம் ஒரு பிள்ளையின் கைக்குப் போய்ச் சேருவதற்கும் நடுவில் எத்தனையோ நடந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மடல்.

நான் கணக்கு டீச்சர். அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கடைசி பத்து வருடம் பள்ளியின் அறக்கட்டளைப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. கொடுத்தவர்களின் ஆசையையும் அந்த ஆசை என்ன ஆனது என்பதையும் ஒரே பக்கத்தில் பார்த்தவள் என்பதால், இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் கணித மேதை இராமானுஜன் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1919 ஜனவரி 11ஆம் தேதி, லண்டனில் பட்னி என்ற இடத்தில் ஒரு மருத்துவ இல்லத்தில் இருந்தபடி சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் எழுதியது. அதற்கு முந்தின வருடம்தான் இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆகியிருந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோஷிப்பும் கிடைத்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு வருடம் 250 பவுண்டு, ஐந்து வருடத்துக்குத் தருவதாக எழுதியிருந்தது. அதற்கு நன்றி சொல்லி எழுதிய பதிலில், ஊருக்குத் திரும்பிய பிறகு தனக்கு வரப்போகும் பணம் தன் தேவையைவிட அதிகம் என்கிறார். இங்கிலாந்துச் செலவெல்லாம் தீர்ந்தபின் வருடத்துக்கு 50 பவுண்டு தன் பெற்றோருக்குப் போகட்டும், தன் அவசியச் செலவு போக மிஞ்சுவது கல்விக்குப் போகட்டும் என்று கேட்கிறார். கல்விக்கு என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவும் இல்லை. ஏழைப் பையன்களுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் என்று குறிப்பாக எழுதியிருக்கிறார்.

இதைப் பல வருடம் வகுப்பில் ஒரு நல்ல குணத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் அவருடைய சிறுவயது வரலாற்றை மறுபடி படிக்கும்போதுதான் பொறி தட்டியது. அவர் கேட்ட இரண்டுமே அவர் வாழ்க்கையில் இருந்து வந்தவை. 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்ததால்தான் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அவருக்குப் பாதிக் கட்டணச் சலுகை கிடைத்தது. அப்பா ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். பின்னால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகை நின்றது. கட்டணம் கட்ட வழியில்லை, படிப்பு முறிந்தது. கட்டணச் சலுகை இருந்தால் ஒரு பையனுக்கு என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் அனுபவித்தவர் அவர். புத்தகமும் அப்படித்தான். லோனி என்பவரின் திரிகோணமிதிப் புத்தகம் அவர் கைக்கு வந்தது வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவரிடமிருந்து. கணிதத்தில் அவரைக் கிளப்பிவிட்ட கார் என்பவரின் புத்தகமும் 1903இல் இரவல் வாங்கியதுதான். தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தவர். எழுதின தாளின்மேலேயே சிவப்பு மையில் மறுபடி எழுதியவர்.

அவர் பெற்ற ரங்கநாத ராவ் பரிசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1904இல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட பரிசு அது. கொடையாளர் ஒருவரின் பெயரில் ஒரு பள்ளி கொடுக்கும் பரிசு, அதை வாங்க மேடையேறும் ஒரு பையன். எந்தப் பையன் என்று கொடுப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியப்போவதில்லை.

ஆக, உங்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டு விஞ்ஞானி எந்த இடத்தில் தடுக்கி விழப் பார்த்தார், யார் எதைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். சித்தப்பா வாங்கிக் கொடுத்த ஒரு சைக்கிள், ஹாஸ்டல் வார்டன் விட்டுக்கொடுத்த மெஸ் பாக்கி, ஒரு டீச்சர் கட்டிய தேர்வுக் கட்டணம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை அப்படியே திருப்பிக் கொடுங்கள். கல்வி வளர்ச்சி, அறிவியல் மேம்பாடு என்று பத்திரத்தில் எழுதினால் அது யாருக்கும் கட்டுப்படாத வார்த்தையாகிவிடும். அவர் பட்ட கஷ்டத்தின் பெயரையே எழுதினால் நாளைக்கு வரும் பொறுப்பாளருக்கும் என்ன செய்வது என்று புரியும்.

இரண்டாவது வேண்டுகோளைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. அந்தக் கடிதத்தின் முடிவில் இராமானுஜன், இதற்கான ஏற்பாட்டை நான் திரும்பி வந்தபின் செய்துகொள்ளலாம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 1919 மார்ச் 27ஆம் தேதி பம்பாயில் வந்து இறங்கினார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சென்னையில் இறந்தார். வயது 32. நடுவே இருந்த 13 மாதமும் நோயோடுதான் கழிந்தன. அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டேயிருந்தார். ஏற்பாடு பேச உட்காரும் தெம்பு எங்கிருந்து வரும்?

அதே கும்பகோணத்தில் 1925இல் பிறந்த இன்னொருவரைப் பாருங்கள். வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனுக்கு 1987இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். தொகை 2 லட்சம் டாலர். மறு வருடமே, 1988இல், அந்தப் பணத்தை வைத்துச் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைவிக்கிறவர்களோடு சேர்ந்து விதைகளைக் காப்பாற்றும் வேலை, புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் என்று அது வளர்ந்தது. 2023இல் அவர் மறைந்தபோது நிறுவனத்துக்கு 35 வயது. நல்லது எது, கெட்டது எது என்று கூடவே இருந்து பார்த்துத் திருத்த அவருக்கு 35 வருடம் கிடைத்தது. இன்று அவர் மகளே அதன் தலைவராக இருக்கிறார். சுவாமிநாதனின் அப்பா சாம்பசிவனும் கும்பகோணத்தில் யானைக்கால் நோயை ஒழிக்க ஊரைத் திரட்டிக் கொசு ஒழிப்பு நடத்திய டாக்டர். மகனுக்குப் பதினோரு வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார். அந்தப் பதினோரு வயதுப் பையன் அப்பாவிடம் எதைப் பார்த்தானோ அதைத்தான் கடைசிவரை செய்தான் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் அந்த விஞ்ஞானி இன்னும் உயிரோடு இருந்தால், தயவுசெய்து இன்றே பேசுங்கள். சாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடுமே என்று தயங்காதீர்கள். மேரி கியூரி 1921 மே மாதம் அமெரிக்காவில் இருந்தார். அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி அவருக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு அதன் விலை 1 லட்சம் டாலர். மறுநாள் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கையால் தருவதாக ஏற்பாடு. முந்தின இரவு தானப் பத்திரத்தைப் படித்துப் பார்த்த கியூரி, இதை மாற்றி எழுதவேண்டும் என்றார். இப்படியே விட்டால் நான் இறந்தபின் ரேடியம் என் பிள்ளைகளின் சொத்தாகிவிடும், இது என் ஆய்வுக்கூடத்துக்கு, அறிவியலுக்குச் சேரவேண்டியது என்பது அவர் கவலை. சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. இன்றிரவே என்றார். அந்த நேரத்தில் ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, பத்திரத்தைத் திருத்தி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் தூங்கப் போனார்.

அதற்காக, குடும்பத்துக்கு ஒன்றும் வைக்காமல் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இராமானுஜன் போட்ட வரிசையைக் கவனியுங்கள். முதலில் பெற்றோர், அடுத்து தன் செலவு, அப்புறம்தான் மிச்சம். வீட்டில் வயதானவருக்கு மருந்துச் செலவு இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டைக் கவனிக்காமல் கொடுத்த கொடை பின்னால் வழக்காக முளைக்கும். பிள்ளைகள் மனதில் கசப்பு தங்கினால் அறக்கட்டளையை யார் நடத்துவது?

ஆல்ஃபிரட் நோபல் வீட்டுக் கதை இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோரும் நோபலைப் பற்றித்தான் பேசுகிறார்கள், நான் அவருடைய அண்ணன் மகன் எம்மானுவேலைப் பற்றிச் சொல்கிறேன். தன் சொத்திலிருந்து பரிசுகள் கொடுக்கவேண்டும் என்று நோபல் 1895இல் வக்கீல் இல்லாமல் தன் கையாலேயே உயில் எழுதினார். பரிசு கொடுக்க ஓர் அமைப்பே அப்போது இல்லை. 1896இல் அவர் இறந்ததும் உறவினர் சிலர் உயிலை எதிர்த்தார்கள். ஸ்வீடன் மன்னரே எம்மானுவேலைக் கூப்பிட்டு, குடும்ப நலனைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தினார். உயில் செல்லாமல் போனால் எம்மானுவேலுக்கும் பங்கு வரும். அவர் மறுத்துவிட்டார். தங்களுக்கு வந்திருக்கவேண்டிய பணத்தைக் குடும்பம் எடுத்துக்கொண்டது என்று நாளைக்கு விஞ்ஞானிகள் தன் தம்பி தங்கைகளைப் பழிக்கும்படி விடமாட்டேன் என்பது அவர் பதிலின் சாரம். 1901இல் முதல் பரிசுகள் கொடுக்கப்பட்டன. உங்கள் வீட்டில் அந்த எம்மானுவேல் யார் என்று இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரைப் பொறுப்பாளர் பட்டியலில் முதலில் போடுங்கள்.

இப்போது என் பதிவேட்டுக்கு வருகிறேன். காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் 1971இல் ஒரு வேதியியல் பேராசிரியரின் குடும்பம் கொடுத்த 1,000 ரூபாய் பற்றி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. வைப்புநிதியில் போட்டு, வரும் வட்டியில் வருடாவருடம் கணக்கில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு வெள்ளிப் பதக்கம். அன்றைக்கு அது பெரிய மனசு. என் கைக்குப் பதிவேடு வந்தபோது வட்டி 6 சதவீதம், அதாவது வருடத்துக்கு 60 ரூபாய். ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்கூட வாங்க முடியாது. பதக்கம் தவிர வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாது என்று விதி. நாங்கள் நாலு டீச்சர்கள் கையிலிருந்து போட்டு, பதக்கத்துக்குப் பதில் பேனா வாங்கி, அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்தோம். வாங்கிய பிள்ளைக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்காது. மைக்கில் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதனால் கணக்கு டீச்சராகக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். 24 வருடத்தில் கால்வாசி. வட்டி முழுவதையும் செலவழிக்கும் அறக்கட்டளை இப்படித்தான் கரையும். வட்டியில் ஒரு பகுதி திரும்ப முதலோடு சேரவேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். காலம் மாறினால் செலவின் வகையை மாற்றிக்கொள்ளப் பொறுப்பாளர்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நோக்கத்தை மாற்ற நீதிமன்றம்வரை போகவேண்டியிருக்கும். 60 ரூபாய்க்காக யார் போவார்கள்? இன்னொன்று. என்றென்றைக்கும் நடக்கவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. கையில் 5 லட்சம்தான் இருக்கிறது என்றால், வட்டியில் வருடத்துக்குப் பத்துப் பேருக்குப் பேனா கொடுப்பதைவிட, பத்து வருடத்தில் முதலையும் சேர்த்துச் செலவழித்துப் பத்துப் பேரைப் பட்டப்படிப்பு முடிக்க வைப்பது மேல்.

சரி, இன்றைக்குத்தான் அரசுப் பள்ளியில் கட்டணமே இல்லையே, பாடநூலும் நோட்டும் சீருடையும் அரசே கொடுக்கிறதே, பாதிக் கட்டணச் சலுகைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022இலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கும், 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல திட்டங்கள், என் மாணவிகள் பலர் வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். பிள்ளை நிற்பது அதற்கு முன்னால், பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில். விண்ணப்பக் கட்டணம், கவுன்சிலிங்குக்குப் போக இரண்டு பேருக்கு பஸ் காசு, ஹாஸ்டல் முன்பணம், ஒரு பெட்டி, ஒரு போர்வை. என் மாணவி ஒருத்திக்கு நல்ல கல்லூரியில் இயற்பியல் கிடைத்தது. ஹாஸ்டல் முன்பணம் புரட்ட முடியாமல் அவள் அப்பா பக்கத்திலேயே கிடைத்த ஏதோ ஒரு படிப்பில் சேர்த்துவிட்டார். எனக்கு விஷயம் தெரியவந்தபோது கடைசித் தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அவளைக் கடைத்தெருவில் பார்க்கும்போது இப்போதும், "நல்லா இருக்கேன் மிஸ்" என்றுதான் சொல்கிறாள்.

இன்றைய பாதிக் கட்டணம் அதுதான். பெரிய தொகை வேண்டாம், ஜூன் மாதத்தில் ஒரு போன் போட்டால் இரண்டே நாளில் வந்துசேரும் தொகை போதும். விண்ணப்பப் படிவம், வருமானச் சான்று, நேர்காணல் என்று அதையும் அரசு அலுவலகம்போல ஆக்கிவிடாதீர்கள். தலைமையாசிரியர் ஒருவரும் வகுப்பாசிரியர் ஒருவரும் எழுதிக் கொடுத்தால் போதும் என்று வையுங்கள். அவர்களுக்குத் தெரியும் எந்தப் பிள்ளை என்று.

பெயர் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரே வேண்டாம் என்று உபதேசிப்பது சுலபம். இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள், கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று 1981இல் ஒரு பேட்டியில் கேட்டார். அதைப் படித்த உலகத்துக் கணிதர்கள் காசு சேர்த்து ஒரு மார்பளவுச் சிலை செய்து கொடுத்தார்கள். அந்த அம்மாவின் கேள்வியை யார் தப்பு சொல்ல முடியும்? கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் கணவரோடு வாழக் கிடைத்தது. பிறகு தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துக் காலம் தள்ளினார். 1950இல் தாயை இழந்த ஒரு சிறுவனைத் தத்தெடுத்துப் படிக்கவைத்து ஆளாக்கினார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு என்று 1919இல் கணவர் எழுதிய வரியை, யாரும் கேட்காமலே, தன் தையல் மெஷினை வைத்து அவர் நிறைவேற்றிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். பெயர் வையுங்கள். பெயர்ப்பலகைக்கு ஆகும் காசு பிள்ளைக்குப் போகும் காசைத் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பணமில்லாத ஒரு சொத்து. அவருடைய நோட்டுப் புத்தகங்கள், கடிதங்கள், ஓரத்தில் பென்சிலால் குறித்த அச்சுப் பிரதிகள். வீட்டைக் காலி செய்யும்போது இவைதான் முதலில் எடைக்குப் போகும். இராமானுஜனின் நோட்டுகளை ஆராய்ந்த வாட்சன் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1965இல் இறந்தார். அவர் அறையில் தரை முழுக்க ஓரடி உயரத்துக்குத் தாள்கள் குவிந்து கிடந்தன. பழைய ரசீது, வருமானவரிக் கணக்கு, கணிதம் எல்லாம் கலந்து. சில நாளில் எரிக்கப்போகிறார்கள் என்ற நிலையில் விட்டேக்கர் என்ற கணிதர் வந்தார். வாட்சனின் மனைவி அவரை அறைக்குள் அனுப்பினார். அவர் கைவிட்டுத் துழாவியபோது அகப்பட்டது இராமானுஜன் தன் கடைசி வருடத்தில் எழுதிய தாள்கள். அவை டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய், 1976இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதர் கண்ணில் பட்டு, இன்று தொலைந்த நோட்டுப் புத்தகம் என்ற பெயரில் உலகமே படிக்கிறது. 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள்.

உங்களுக்குப் புரியாத தாளாக இருக்கலாம். புரிகிற ஒருவரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, அந்த அறையில் உட்கார வையுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னபிறகு எடைக்குப் போடலாம். பாடப் புத்தகங்களைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுங்கள், பூட்டின அலமாரிக்கு வேண்டாம், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்ற ஒப்புதலோடு கொடுங்கள். இரண்டு தொலையும், தொலையட்டும்.

அடுத்த திதிக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? ஐயர் கிளம்பினதும், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருக்கும். அவர் படித்த பள்ளிக்கு நடந்துபோய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். போன வருடம் எந்தப் பிள்ளை எந்தத் தொகை இல்லாமல் நின்றது என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒரு பெயர் சொல்வார், ஒரு தொகை சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள், பத்திரம் எழுத அது போதும்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்